எஃப்ஏபியா, லிஞ்ச்சா? பரம்பரையாக வரும் குடல் புற்றுநோய்

குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வேலூர் சிஎம்சிக்கு "வயித்துல கட்டி" என்று வருபவரிடம் டாக்டர் சொந்தக்காரர்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று வரையும் வம்சப் படத்தில் பாதி விடை இருக்கும்.

பரம்பரையாகக் குடல் புற்றுநோயைக் கொண்டுவருபவற்றில் முக்கியமானவை இரண்டு: எஃப்ஏபி (FAP), லிஞ்ச் நோய்க்குறி (Lynch syndrome). இதில் எஃப்ஏபி மறைந்திருக்காது. 5ஆம் குரோமோசோமில் உள்ள ஏபிசி (APC) மரபணு பழுதானால் பெருங்குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப்கள், அதாவது சிறு சதை வளர்ச்சிகள், முளைக்கும். குடலை எடுக்காமல் விட்டால் 40 வயதையொட்டிப் புற்றுநோய் ஏறக்குறைய நிச்சயம். அதனால் 10-12 வயதிலேயே கொலனோஸ்கோப்பி (கேமரா குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தொடங்க வேண்டும்.

எனக்கு அதிகக் கவலை லிஞ்ச் பற்றித்தான். பாலிப்கள் சிலவே, சந்தேகமே வராது. டிஎன்ஏவை நகலெடுக்கும்போது விழும் பிழையைத் திருத்துகிற எம்எல்எச்1, எம்எஸ்எச்2 போன்ற மரபணுக்களில் கோளாறு. அப்பாவுக்குக் குடலில், அத்தைக்குக் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் என்றால் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அத்தையின் நோய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிடாதீர்கள்; இரண்டுமே லிஞ்ச்சால் வரக்கூடியவை. லிஞ்ச்சுக்குக் கொலனோஸ்கோப்பி பெரும்பாலும் 20-25 வயதில் தொடங்கும், 1-2 வருடத்துக்கு ஒருமுறை. ஒரு ஆறுதல்: நோய் பரவிய பிறகும் பலருக்கு இம்யூனோதெரபி (உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் சிகிச்சை) நன்றாகக் கேட்கிறது.

எதுவானாலும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தப் பழுதான மரபணு வர வாய்ப்பு 50 சதவீதம். கட்டிக்கொடுத்த மகளையும் பரிசோதனைக்குக் கூட்டிவாருங்கள்.