30 நாள், 100 கிலோமீட்டர், ஒரு நன்கொடைப் பக்கம்: பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நன்கொடை திரட்ட நான் பயன்படுத்திய ஆன்லைன் சேவைக்கு ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அதில் இரண்டு அவர்கள் செய்த வேலைக்கு. மூன்றாவது எனக்காகப் பணம் கொடுத்தவர்களின் பொறுமைக்கு. அதை இவர்கள் கணக்கில் எழுதுவது நியாயமில்லைதான், போகட்டும்.

விஷயம் இதுதான். 30 நாளில் 100 கிலோமீட்டர் ஓடுகிறேன் என்று அறிவித்துவிட்டு, அதைச் சொல்லியே தெரிந்தவர்களிடம் நன்கொடை திரட்டி, ஒரு தொண்டு நிறுவனத்துக்குச் சேர்ப்பது. நடந்தாலும் கணக்கில் சேரும். நான் தேர்ந்தெடுத்தது செயற்கைக் கால் பொருத்தித் தரும் ஓர் அமைப்பு. இதற்கென்றே ஆன்லைனில் சேவைகள் இருக்கின்றன: நம் பெயரில் ஒரு பக்கம் திறந்து தருவார்கள், ஓட்டத்தைப் பதியும் ஆப்போடு அதை இணைத்துவிடலாம், மேலே கிலோமீட்டர் ஏறும், கீழே பணம் ஏறும் (ஏறும் என்றுதான் விளம்பரத்தில் இருந்தது). அப்படி ஒரு சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன். குறை சொல்லப் போவதால் பெயர் போடவில்லை. இந்த மாதிரி சேவைகள் பலவும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் பெயர் தெரியாமல் போவதில் பெரிய நஷ்டமும் இல்லை.

பக்கம் திறப்பது சுலபம், பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு புகைப்படம், இலக்குத் தொகை, கடைசித் தேதி, அப்புறம் "உங்கள் கதை" என்று ஒரு பெட்டி. அந்தப் பெட்டியில் அவர்களே ஏதோ எழுதி வைத்திருக்கிறார்கள், மாற்றத்துக்கான பயணத்தில் நான் ஓர் அடி எடுத்து வைக்கிறேன் என்கிற ரகத்தில். முதலில் அதை அழித்துவிடுங்கள். அந்த வரியைப் படித்து யாரும் பர்ஸைத் திறக்கமாட்டார்கள்.

நான் டெர்ரி ஃபாக்ஸைப் பற்றி எழுதினேன். கனடாக்காரர், எலும்புப் புற்றுநோயால் வலது கால் முழங்காலுக்கு மேலே எடுக்கப்பட்டவர். 1980 ஏப்ரலில் செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்கு நோக்கி ஓடத் தொடங்கினார், நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு மாரத்தான் தூரம். அன்றைய செயற்கைக் கால் ஓடுவதற்கென்று செய்ததில்லை. அது முன்னால் வந்து சேரும்வரை நல்ல காலால் இரண்டு முறை தத்தித்தான் அவரால் போக முடிந்தது. அப்படியே 143 நாளில் 5,373 கிலோமீட்டர். புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டம்பர் 1 அன்று நிறுத்த வேண்டியதாயிற்று, அடுத்த ஆண்டு ஜூனில் இறந்துபோனார், வயது 22. அவர் கேட்டது கனடாவில் ஆளுக்கு ஒரு டாலர். அவர் உயிரோடு இருக்கும்போதே 2.4 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இதை எழுதிவிட்டு, அதற்குக் கீழே "நான் 100 கிலோமீட்டர்" என்று போடும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் பணம் எதற்குப் போகிறது என்பது படிப்பவருக்கு உடனே புரிந்தது.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். 30 நாளில் 100 என்றால் நாளுக்கு 3.3 கிலோமீட்டர். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கும், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஓடியே பழகாதவர்களுக்கான 'கவுச் டு 5கே' என்ற பிரபலமான திட்டம், 5 கிலோமீட்டரை நிற்காமல் ஓட வைப்பதற்கே 9 வாரம் எடுத்துக்கொள்கிறது, அதுவும் வாரத்துக்கு மூன்று நாள்தான் ஓடச் சொல்கிறது. வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்து சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்று பயிற்சியாளர்கள் சொல்வதும் இதனால்தான். இந்தச் சேவை என்ன செய்தது தெரியுமா, 100-ஐ 30-ஆல் வகுத்துத் தினமும் 3.3 என்று காலண்டரில் நிரப்பிக் கொடுத்துவிட்டது. ஓய்வு நாள் என்று ஒன்று கிடையாது. ஒருநாள் விட்டால் அந்தத் தேதி சிவப்பாகிவிடும், மறுநாள் காலை "பின்தங்கிவிட்டீர்கள்" என்று செய்தி வரும்.

விளைவு, 11-ஆம் நாள் இடது காலில் முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பை ஒட்டி வலி. கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றும்போது சுரீரென்று ஏறும். டாக்டர் விரலால் எலும்பு ஓரமாக அழுத்திக்கொண்டே வந்து, சரியான இடத்தைத் தொட்டதும் நான் துள்ளியதைப் பார்த்துவிட்டு, பழக்கமில்லாத காலை ஒரேயடியாக ஓட விட்டால் இப்படித்தான் ஆகும், நான்கு நாள் சும்மா இருங்கள், அப்புறம் நடங்கள் என்றார். நான்கு நாளும் காலண்டர் சிவப்பு. நடையையும் ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது மட்டும்தான் என்னைக் காப்பாற்றியது. கடைசியில் என் 100-இல் பாதிக்கு மேல் நடைதான், அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

தூரம் பதிவாகும் விஷயத்தில் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஓடினால் ஜிபிஎஸ் கொஞ்சம் அலைபாயும், நான் ஏதோ வீட்டுக் கூரைமேல் ஓடியது போல வரைபடத்தில் கோடு விழும், அது எல்லா ஆப்பிலும் உள்ளதுதான். ஆனால் 19-ஆம் நாள் நடந்ததை மறக்கமாட்டேன். விடிவதற்கு முன் கிளம்பி, போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் வைத்துக்கொண்டு, தூறலில் நனைந்தபடி, கால் வலிக்குப் பிறகு முதல்முறையாக நிற்காமல் நீண்ட தூரம் ஓடினேன். வழக்கமான பாதைதான், மனப்பாடமாகத் தெரிந்த 6.8 கிலோமீட்டர். வீட்டு வாசலில் நின்று பார்த்தால் 2.1 என்று காட்டுகிறது. பேட்டரி குறைந்ததும் போன் தானாகவே சேமிப்பு முறைக்கு மாறி, பின்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஆப்பைத் தூங்க வைத்துவிட்டிருக்கிறது. நான் ஓடினேன், போன் ஓடவில்லை. இதற்கு வழி இருக்கிறது, போன் அமைப்புகளில் போய் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். முதல் நாளே இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்?

விட்டுப்போன தூரத்தைக் கையால் சேர்க்கலாம். சேர்த்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன கை அடையாளம் போட்டு "சுயமாகப் பதிந்தது" என்று எல்லோருக்கும் தெரியும்படி எழுதிவிட்டார்கள். பிட் அடித்து மாட்டிக்கொண்டவன் மாதிரி இருந்தது. உதவிக்கான சாட்டில் கேட்டால், தானாகப் பதில் போடும் ஒரு பாட் (bot), "உங்கள் பயணத்துக்கு வாழ்த்துகள்!" என்று மூன்று முறை வாழ்த்தியது. மனிதர் ஒருவர் பதில் போட்டது இரண்டு நாள் கழித்து. அந்த அடையாளத்தை எடுக்க முடியாது, ஏமாற்று வேலையைத் தடுக்கத்தான் அது இருக்கிறது என்றார். யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது, கோபம் மட்டும் போகவில்லை.

இனி பணம். இந்த மாதிரி சேவைகளை எடைபோட வேண்டிய இடம் இதுதான்.

முதல் நாள் இணைப்பை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். 64 பேர் பார்த்தார்கள். நான்கு கைதட்டல், இரண்டு இதயம், ஒருவர் "சூப்பர் ப்ரோ". நன்கொடை பூஜ்யம். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள்தான் புரிந்தது, பொதுவாகக் கேட்டால் எல்லோரும் வேறு யாரோ கொடுப்பார்கள் என்று இருந்துவிடுகிறார்கள், ஒவ்வொருவராகக் கேட்டாக வேண்டும். எனக்கு ஓடும்போது வாங்கிய மூச்சைவிட ஒரு பழைய சக ஊழியருக்கு "உங்களால் முடிந்தால்" என்று தட்டிவிட்டு அனுப்பும் பட்டனை அழுத்துவதற்குள் வாங்கிய மூச்சு அதிகம். அந்த வேலையை எந்த ஆப்பும் நமக்காகச் செய்யாது. சேவைக்காரர்கள் கொடுக்கும் ரெடிமேட் செய்தியை அனுப்பியவர்களில் ஒருவர்கூடக் கொடுக்கவில்லை. பெயர் சொல்லி, நலம் விசாரித்து, நான்கு வரி என் கையால் எழுதியதில் பாதிப் பேராவது கொடுத்தார்கள். இன்னொன்று, முதல் நன்கொடையை நாமே போட்டுவிடுவது நல்லது, அதுவும் கையைக் கடிக்கும் அளவுக்கு. பின்னால் வருகிறவர்கள் மேலே இருக்கும் தொகைகளைப் பார்த்துத்தான் தங்கள் தொகையை முடிவு செய்கிறார்கள், என் பக்கத்தில் இது அப்பட்டமாகத் தெரிந்தது.

இவர்கள் விளம்பரத்தில் கேப்டன் டாம் மூர் வருவார். தெரிந்த கதைதான்: 2020-இல், நூறாவது பிறந்தநாளுக்கு முன் தன் வீட்டுத் தோட்டத்தில் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு 100 சுற்று நடப்பதாகச் சொல்லி, பிரிட்டன் மருத்துவ சேவைக்கான தொண்டு அமைப்புகளுக்காக 1,000 பவுண்டு இலக்கு வைத்தார், வந்து சேர்ந்தது 3.2 கோடி பவுண்டுக்கு மேல். அருமையான மனிதர், சந்தேகமே இல்லை. ஆனால் ஊரடங்கில் நாடே வீட்டில் அடைந்துகிடந்து டிவி பார்த்த நேரம் அது. அவரைக் காட்டி என்னிடம் "இலக்கைப் பெரிதாக வையுங்கள்" என்று சொல்வது கொஞ்சம் அதிகப்படி. நான் அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் இலக்கை இரட்டிப்பாக்கினேன்.

ஒருநாள் மாலை அத்தை போன் செய்தார்.

"ஏம்ப்பா, நான் ஆயிரம்னுதானே போட்டேன், ஆயிரத்து நூத்தம்பது போயிருக்கே?"

"இருக்காதே அத்தை, ஸ்க்ரீன்ஷாட் அனுப்புங்க பார்ப்போம்."

அனுப்பினார். பார்த்தேன். "எங்கள் சேவைக்கு உங்கள் ஆதரவு" என்ற பெயரில் 15 சதவீதம் டிப், ஏற்கெனவே தேர்வு செய்யப்பட்டு, சாம்பல் நிற எழுத்தில், பணம் செலுத்தும் பட்டனுக்குக் கீழே. முகப்புப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் "கமிஷன் இல்லை" என்று போட்டிருக்கிறார்களே, அதன் ரகசியம் இதுதான். டிப் வேண்டாம் என்றால் அந்தப் பட்டியலைத் திறந்து, 10, 15, 20 எல்லாவற்றையும் தாண்டிக் கீழே போய், "வேறு தொகை" என்பதைத் தொட்டு, நாமே 0 என்று தட்ட வேண்டும். கண்ணாடி போட்டுக்கொண்டு போனைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்கும் அத்தைக்கு இது எப்படித் தெரியும்? இதற்கு மேல், பணப் பரிமாற்றக் கட்டணம் என்று இரண்டு சதவீதத்துக்குச் சற்று மேல் நன்கொடையிலிருந்தே பிடித்துக்கொள்கிறார்கள். அது கார்டு, வங்கி தரப்புக்குப் போவது, பல இடங்களிலும் இருப்பதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. சேவை நடத்தவும் செலவு இருக்கிறது, ஆட்களுக்குச் சம்பளம் தர வேண்டும், எல்லாம் சரி. ஐந்து சதவீதம் எடுத்துக்கொள்கிறோம் என்று நேராகச் சொல்லியிருந்தால் நானே கொடுக்கச் சொல்லியிருப்பேன். என்னை நம்பிக் கொடுக்க வந்தவர்களிடம் என் பக்கத்தை வைத்தே தெரியாமல் வாங்கியதுதான் உறுத்துகிறது. அத்தைக்கு டிப் திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. மற்றவர்களுக்கு நானே ஒவ்வொருவராகச் செய்தி அனுப்பி, அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது என்று படத்தில் வட்டம் போட்டுக் காட்டினேன். இதெல்லாம் ஓடுகிறவன் செய்ய வேண்டிய வேலையா?

நல்லதையும் சொல்ல வேண்டும். பணம் என் வங்கிக் கணக்குக்கு வரவே இல்லை, நேராகத் தொண்டு நிறுவனத்துக்குப் போனது. இதைவிடப் பெரிய நிம்மதி கிடையாது. நடுவில் என் கைக்கு வந்திருந்தால் கணக்குக் காட்டியே ஓய்ந்திருப்பேன், எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் யாராவது ஒருவர் மனதில் ஒரு கேள்வி இருக்கத்தான் செய்யும். நீங்கள் எந்தச் சேவையை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இரண்டாவது, இலக்கை எட்டாவிட்டால் பணம் என்னாகும் என்பது. சில இடங்களில் முழுதாகச் சேர்ந்தால்தான் கொடுப்பார்கள், இல்லையென்றால் எல்லாம் திரும்பிப் போய்விடும். இங்கே சேர்ந்தவரை கொடுத்துவிடுகிறார்கள். இரட்டிப்பாக்கிய இலக்கில் நான் எட்டியது 71 சதவீதம் என்பதால் இந்த விதியின் அருமை எனக்குத் தெரியும்.

ரசீது உடனே கொடுத்தவரின் மெயிலுக்குப் போகிறது. ஆனால் ரொக்கமாகக் கொடுத்தால் சேர்க்க வழியே இல்லை. மாடிவீட்டுத் தாத்தா கவரில் போட்டுக் கொடுத்த பணத்தை நான் என் கார்டிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று, ரசீது என் பெயரில் வந்தது, அவர் பெயரைக் குறிப்புப் பெட்டியில்தான் எழுத முடிந்தது. பாதி இலக்கைத் தாண்டியதும் "இலவச" டி-ஷர்ட்டும் மெடலும் உண்டு என்றார்கள். விதிமுறைகளைப் படித்தால் அந்தச் செலவு திரட்டிய தொகையிலிருந்துதான் கழியும். வேண்டாம் என்று சொல்ல ஒரு பட்டன் இருந்தது, இதற்காகவே அரை நட்சத்திரம் கூடப் போடலாம்.

கொடுப்பவர்கள் ஒரு வரி எழுதலாம் என்பதும் நன்றாக இருந்தது. 23-ஆம் நாள் பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் சின்னத் தொகை ஒன்று போட்டு, "அப்பாவுக்கு வலது கால்" என்று மட்டும் எழுதியிருந்தார். யாரென்று இன்றுவரை தெரியாது. அன்று காலை ஓய்வெடுக்கலாம் என்றிருந்தேன், 4 கிலோமீட்டர் நடந்துவிட்டு வந்தேன்.

கடைசி நாள் ஒரு கூத்து. 96.4-இல் கிளம்பினேன். 99.5 ஆனதுமே திரை முழுக்க வண்ணத் தாள் பறந்து, "100 கிலோமீட்டர்! சாதித்துவிட்டீர்கள்!" என்று வந்துவிட்டது. முழு எண்ணாக்கிக் காட்டுகிறார்களாம். அந்த நொடியிலேயே எல்லோருக்கும் அறிவிப்பும் போய்விட்டது, வாழ்த்துகள் வந்து விழுகின்றன, நானோ இன்னும் அரைக் கிலோமீட்டர் பாக்கி வைத்துக்கொண்டு தெருவில் நிற்கிறேன். ஜிபிஎஸ்ஸை நம்பாமல் 100.3 வரை போய்விட்டுத்தான் திரும்பினேன்.

பக்கம் மூடியபின் பணம் போய்ச் சேர மூன்று வாரம் ஆனது. சேர்ந்துவிட்டது என்று தொண்டு நிறுவனமே கடிதம் அனுப்பியது, சேவைக்காரர்களிடமிருந்து அடுத்த சவாலுக்கான விளம்பரம்தான் வந்தது.

முதல் தடவை இறங்குபவர், கூடவே எண்ணிக்கொண்டு வர ஏதாவது ஒன்று வேண்டும் என்பவர் தாராளமாக இந்த மாதிரிச் சேவையைப் பயன்படுத்தலாம், டிப் பட்டியலை மட்டும் முதல் செய்தியிலேயே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். நான் அடுத்து சைக்கிளில் 300 என்று யோசித்து வைத்திருக்கிறேன். தொண்டு நிறுவனத்துக்கே நேரடி நன்கொடைப் பக்கம் இருக்கிறதாம், விசாரித்துவிட்டேன். அதில் கிலோமீட்டர் எண்ணும் வசதி கிடையாது. ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.