டொல்பின் வானில் கேம்பர்: பலகை வேலை திறம், வயரிங் போதாது

ஏ9 வீதியோரப் பட்டறை ஒன்றில் டொல்பின் வானைக் கேம்பராக, அதாவது உள்ளேயே படுத்துச் சமைத்துப் பயணம் போகிற வண்டியாக, மாற்றிய வேலை இது. கட்டில், அலமாரி, அடுப்பு மேடை எல்லாம் 12 மில்லிமீற்றர் பிளைவூட். 18 போட்டிருந்தால் பாரம் வீணாய்க் கூடியிருக்கும். ஆணியை நம்பாமல் தரைச் சட்டத்தோடு போல்ற் போட்டு இறுக்கியிருக்கிறார்கள். குளக்கட்டு ரோட்டுக் குலுக்கலுக்கு அதுதான் தாங்கும்.

கோளாறு மின்சாரத்தில். பின்பக்க 12 வோல்ற்று பிரிட்ஜுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் இழுத்திருந்தது. பற்றரியிலிருந்து 5 மீற்றர் தூரம், போய்வர 10. பிரிட்ஜ் 5 அம்பியர் இழுக்கும்போது வயரிலேயே 0.6 வோல்ற்றுக்குக் கிட்ட விழுந்துவிடும். ஈயப் பற்றரி 12.2-இல் நின்றாலும் பிரிட்ஜுக்குக் கிடைப்பது 11.6தான். பற்றரி இறங்கினால் பிரிட்ஜைத் தானே நிறுத்துகிற கட்-ஓஃப் 'ஹை'யில், அதாவது கொஞ்சம் இறங்கியதுமே நிறுத்துகிற நிலையில், இருந்தால் சில பிரிட்ஜுகள் இதிலேயே நின்றுவிடும். பழி பற்றரிக்கு, புதுசு வாங்கிப் போட்டாலும் அதே கதை. 6 சதுர மில்லிமீற்றருக்கு மாற்றினால் இழப்பு 0.15 ஆகக் குறையும். பியூஸை வேறு பிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். அது பற்றரியின் நேர்முனையை ஒட்டி இருக்க வேண்டும். நடுவில் வயர் தேய்ந்து வானின் இரும்புத் தகட்டில் பட்டால், பின்னால் இருக்கிற பியூஸுக்கு அது தெரியவே வராது.

பிரிட்ஜை நாலு பக்கமும் பலகையால் அடைத்ததும் பிழை. வைகாசி, ஆனி வெக்கையில் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் கொம்பிரசர் ஓயாமல் ஓடும், 100 அம்பியர்-மணி பற்றரியில் பாதியளவு விடிவதற்குள் கரைந்துவிடும். கீழே ஒன்று, மேலே ஒன்றாகக் காற்றுத் துவாரம் வெட்ட அரை மணித்தியால வேலை. கூரைச் சோலார் தகட்டின் அடியிலும் காற்றோட விரலளவு இடைவெளியாவது விடுங்கள். சூடேறினால் மின் குறையும்.

காஸ் பெட்டிக்கு மேலே மட்டும் துவாரம் விட்டிருக்கிறார்கள். இதை உடனே திருத்துங்கள். சமையல் காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் அடியில்தான் தேங்கும். பெட்டியின் அடித்தட்டில் துளை போட்டு வானுக்கு வெளியே விட வேண்டும்.

40 லீற்றர் தண்ணீர்த் தாங்கி போதும். ஆனால் வன்னிக் கிணற்றுத் தண்ணீர் பல இடங்களில் சுண்ணாம்பு கூடியது. பம்பில் வெள்ளையாய்ப் படியும், இடைக்கிடை வினாகிரி கலந்து ஓடவிடுங்கள். குடிக்கத் தனிக் கான்.

யன்னல் நுளம்பு வலை நேர்த்தி. பின்கதவுக்கு வலை இல்லை. மடு மாதா கோவில் ஆவணித் திருவிழாவுக்கு மரத்தடியில் நிறுத்தினால், அந்த வெக்கைக்குப் பின்கதவைத் திறக்காமல் படுக்க முடியாது. காந்தப் பட்டி வைத்த தொங்கு வலை ஒன்றை வேலை கொடுக்கும்போதே சேர்த்துக் கேளுங்கள்.