கொசு குடித்தது யார் ரத்தம்? எலைசா, மல்ட்டிபிளெக்ஸ் பி.சி.ஆர், சீக்குவென்சிங்: ஓர் ஒப்பீட்டு அலசல்

மாட்டுத் தொழுவத்துச் சுவரில் வயிறு சிவந்து உட்கார்ந்திருக்கும் கொசுவைப் பார்த்தால் அது குடித்தது மாட்டு ரத்தம்தான் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு அந்த விடை போதாது. இந்தியாவில் இந்நோய் முதன்முதலில் 1955இல் வேலூர்ப் பகுதி நோயாளிகளிடம் கண்டறியப்பட்டது. இதைப் பரப்பும் கியூலெக்ஸ் டிரைட்டேனியோரிங்கஸ் கொசு நெல்வயல் தண்ணீரில் வளர்கிறது. மாட்டை அதிகம் நாடுகிறது. மாட்டின் ரத்தத்திலோ, அடுத்த கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு வைரஸ் பெருகுவதில்லை. பன்றியிலும் கொக்கு, நாரை வகைப் பறவைகளிலும்தான் பெருகுகிறது. ஆகவே நூறு கொசுவில் தொண்ணூறு மாட்டைக் கடித்திருந்தாலும், மிச்சமுள்ள பத்தைப் பற்றித்தான் நமக்குத் தெரிய வேண்டும்.

ராமேசுவரம் தீவில் கேள்வியே வேறு. அங்கே மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் கொசுத் தொகுதியின் 'இ' இனம் என்று 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே இடத்தில் வாழும் 'பி' இனம் பெரும்பாலும் மாட்டைக் கடிப்பது. உருவத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. இங்கே தேவைப்படுவது மனித ரத்தக் குறியீடு, அதாவது ரத்தம் குடித்த கொசுக்களில் மனித ரத்தம் குடித்தவை எத்தனை பங்கு என்ற கணக்கு. ஒரு கேள்வி அரிதான விலங்கைத் தேடுகிறது; மற்றொன்று "மனிதனா, இல்லையா" என்று மட்டும் கேட்கிறது. இரண்டுக்கும் ஒரே முறையை எடுப்பவர் ஓரிடத்தில் பணத்தை இழப்பார், மற்றோரிடத்தில் விடையையே இழப்பார்.

வயிற்றுக்குள் இருப்பது எவ்வளவு?

ஒரு கொசு ஒரு தடவை குடிப்பது சுமார் 2 முதல் 3 மைக்ரோலிட்டர். பாலூட்டிகளின் முதிர்ந்த சிவப்பணுவில் உட்கருவும் இல்லை, மைட்டோகாண்ட்ரியாவும் இல்லை. வெள்ளையணுவும் தட்டணுவும்தான் டி.என்.ஏ. தரவேண்டும். மனித ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வெள்ளையணுக்கள்தான். ஒவ்வொரு செல்லிலும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ. நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருப்பதால்தான் எல்லோரும் உட்கரு மரபணுவை விட்டு, சைட்டோகுரோம் பி போன்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவைப் பிடித்துக்கொள்கிறார்கள். பறவையின் சிவப்பணுவிலோ உட்கருவும் உண்டு, மைட்டோகாண்ட்ரியாவும் உண்டு. அணுக்களும் மைக்ரோலிட்டருக்கு லட்சக்கணக்கில். கொக்கையும் பன்றியையும் ஒரே இரவில் கடித்த கொசுவில் கொக்கின் டி.என்.ஏ. பன்றியினுடையதை அமுக்கிவிடும். எந்த முறையானாலும் இந்தச் சாய்வு இருக்கும்.

அடுத்தது நேரம். நம் ஊர் வெப்பத்தில் செரிமானம் வேகமானது. கடித்து 24 மணி நேரத்துக்குள் பிடித்தால் நம்பிக்கையோடு வேலை பார்க்கலாம். 36 மணி நேரத்தில் தோல்விகள் கூடும். 48 தாண்டினால் பெரும்பாலும் விடையே கிடைக்காது.

எலைசா: பழையது, ஆனால் ஒதுக்கத் தக்கதல்ல

இது டி.என்.ஏ. பார்ப்பதில்லை, ரத்தத்திலுள்ள இம்யூனோகுளோபுலின் என்ற புரதத்தைப் பார்க்கிறது. வயிற்றை உப்புக் கரைசலில் அரைத்து, நீர்த்து, 96 குழித் தட்டில் ஊற்றி, பிறகு அந்தந்த விலங்குக்கான, நொதி கோத்த எதிர்ப்பொருளைச் சேர்க்க வேண்டும். நிறம் வந்தால் நேர்மறை. எவ்வளவு நிறத்தை நேர்மறையாகக் கொள்வது என்பதற்கு, ரத்தம் குடிக்காத கொசுக்களின் சராசரி ஒளி உறிஞ்சலோடு மூன்று திட்டவிலக்கத்தைக் கூட்டி வரம்பு வைக்கலாம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கொசு முடியும். தட்டுப் படிப்பான் இருந்தால் போதும், டி.என்.ஏ.யைப் பெருக்கும் பி.சி.ஆர். இயந்திரம் தேவையில்லை.

குறை எங்கே? மாடு, எருமை, ஆடு என்று நெருங்கிய உறவினர்களின் இம்யூனோகுளோபுலின்கள் ஒன்றின் எதிர்ப்பொருளோடு இன்னொன்று ஒட்டும். எதிர்ப்பொருள் கரைசலில் மற்ற விலங்குகளின் சீரத்தை 1:500 அளவில் கலந்து அந்த ஒட்டலை முன்கூட்டியே உறிஞ்ச வைப்பது வழக்கம். அப்படியும் மாட்டுக்கும் எருமைக்கும் இடையே உறுதி கிடைப்பது கடினம். கொக்குக்கு ஆயத்த எதிர்ப்பொருளைத் தேடி அலைய வேண்டும். கோழி எதிர்ப்பொருளை நம்பி நாரையைத் தேடக் கூடாது. மூளைக்காய்ச்சல் கேள்விக்கு எலைசா தோற்பது இதனால்தான். மனித ரத்தக் குறியீட்டுக்கு மட்டும், ஆயிரக்கணக்கான அனாஃபிலிஸ் கையில் இருந்தால், இன்றும் முதலில் எடுக்கத் தக்கது இதுவே.

மல்ட்டிபிளெக்ஸ் பி.சி.ஆர்: கிராமத்துக்கு ஏற்ற கருவி

2005இல் வெளியான கென்ட், நாரிஸ் முறை பரவலாகப் புழங்குகிறது. சைட்டோகுரோம் பி மரபணுவில் எல்லாப் பாலூட்டிக்கும் பொதுவான ஒரு பின் ப்ரைமர் (பெருக்கலைத் தொடங்கி வைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு). ஒவ்வொரு விலங்குக்கும் தனியாக ஒரு முன் ப்ரைமர். முன் ப்ரைமர்கள் வெவ்வேறு இடத்தில் ஒட்டுவதால் துண்டின் நீளம் மாறுகிறது. ஆடு 132 கார இணை (டி.என்.ஏ. நீளத்தின் அலகு), மனிதன் 334, பன்றி 453, மாடு 561, நாய் 680. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் 2 சதவீத அகரோஸ் ஜெல்லில், 100 கார இணை அளவுகோலைப் பக்கத்தில் வைத்து ஓட்டினால் கண்ணாலேயே படிக்கலாம். ஜெல்லை அவசரமாக நிறுத்தினால் 453உம் 561உம் ஒட்டிக்கொண்டு தெரியும். பன்றியா மாடா என்ற கேள்வியில் அது பெரிய பிழை. அரை மணி நேரம் கூடுதலாக ஓட்டுவது நல்லது.

இதன் பலம் கலப்பு ரத்தம். ஒரே கொசு மாட்டையும் மனிதனையும் கடித்திருந்தால் இரண்டு பட்டைகள் நேரடியாகத் தெரியும்.

பலவீனமும் இதே அமைப்பில்தான். செரிமானத்தில் டி.என்.ஏ. சிதையும்போது நீளமான துண்டு முதலில் போகும். நாயின் 680 மறைந்த பிறகும் ஆட்டின் 132 நிற்கும். பழைய ரத்தம் நிறைந்த தொகுப்பில் ஆடு மிகுந்தும் நாய் குறைந்தும் தெரிந்தால், ஆட்டை நாடும் கொசு என்று எழுதிவிடாமல், வயிற்றின் செரிமான நிலையைத் தரம்பிரிக்கும் செல்லா (Sella) அளவுகோலில் இரண்டாம் நிலையிலுள்ள, புதிதாய்க் குடித்த கொசுக்களை மட்டும் தனியாகப் பிரித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டாவது குறை, பட்டியலில் இல்லாத விலங்கு தெரியாது. எருமையும் செம்மறியும் பறவையும் இந்த ஐந்தில் இல்லை. நம் ஊரில் பயன்படுத்தும் முன் எருமை, செம்மறி ரத்தத்தை வைத்து, மாட்டு ப்ரைமரும் ஆட்டு ப்ரைமரும் அவற்றோடு ஒட்டுகின்றனவா என்று கட்டாயம் சோதிக்க வேண்டும். பிற நாட்டு ஆய்வில் சரியாக வந்தது என்பது இதற்குச் சான்றாகாது.

சாங்கர் சீக்குவென்சிங்: விலங்கு தெரியாதபோது

முதுகெலும்பிகளுக்குப் பொதுவான ப்ரைமரால் சைட்டோகுரோம் பியில் சுமார் 350 கார இணைத் துண்டைப் பெருக்கி, வரிசையைப் படித்து, ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவகத்தோடு ஒப்பிடுவது. 98 சதவீதமோ அதற்கு மேலோ ஒத்தால் இனத்தைச் சொல்லலாம். கொக்கு, நாரை, எலி, ஓணான், எது வந்தாலும் பெயர் கிடைக்கும்.

இனங்களை அடையாளம் காணப் பயன்படும் 'பார்கோடு' மரபணுவான சி.ஓ.ஐ.யை எடுப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று உண்டு. விலங்குகளுக்கெல்லாம் பொதுவான ப்ரைமரைப் போட்டால் கொசுவின் டி.என்.ஏ.யே பெருகி, கொசு கொசுவைக் கடித்ததுபோல் விடை வரும். முதுகெலும்பிக்கு மட்டும் ஒட்டும் ப்ரைமர் வேண்டும். ஆண் கொசு ரத்தம் குடிப்பதில்லை, அதன் டி.என்.ஏ.யை ஒவ்வொரு ஓட்டத்திலும் வைத்தால், அதில் எதுவும் பெருகாமல் இருக்கிறதா என்பதே நல்ல எதிர்மறைச் சோதனை.

கலப்பு ரத்தத்தில் சாங்கர் தடுமாறும். வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு முகடுகள் வரும். அதிகமாக இருக்கும் விலங்கின் பெயர் மட்டும் கிடைக்கும், அல்லது எதுவுமே கிடைக்காது. மேலும் மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. நாட்டுப் பசுவுக்கு ஜெர்சி விந்து ஊசி போட்டுப் பிறந்த கலப்பினக் கன்று, இந்தச் சோதனையில் நாட்டு மாடாகவே தெரியும். பன்றிக்கொட்டகைப் பன்றியையும் காட்டுப்பன்றியையும் இது பிரிக்காது. இரண்டும் ஒரே இனம்.

அடுத்த தலைமுறை சீக்குவென்சிங்

இது ஒரே ஓட்டத்தில் ஏராளமான டி.என்.ஏ. துண்டுகளைத் தனித்தனியே படிக்கும் முறை; ஒவ்வொரு படிப்பும் ஒரு வாசிப்பு. கலப்பு ரத்தமும் சிதைந்த ரத்தமும் ஒன்றாக வரும்போது இதற்கு ஈடில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் 12எஸ் அல்லது 16எஸ் மரபணுவில் 100 முதல் 150 கார இணை நீளச் சிறு துண்டே போதும். ஆனால் நுட்பம் கூடக்கூட, ஆய்வகத்து மனித டி.என்.ஏ.யும் கண்ணில் படும். சில நூறு வாசிப்புகளில் மனிதன் தெரிந்ததும் "மனிதனையும் கடித்திருக்கிறது" என்று எழுதினால் அது பிப்பெட் பிடித்தவரின் டி.என்.ஏ.யாக இருக்கலாம். வெற்றுப் பிரித்தெடுப்புக் குழாயில் வரும் மனித வாசிப்பை அளந்து, அதற்கு மேலே வரம்பு வைக்காமல் மனித நேர்மறையை ஏற்கக் கூடாது. வாசிப்பு விகிதத்தை ரத்த அளவு விகிதமாகவும் எடுக்கக் கூடாது. பறவைச் சிவப்பணுவின் கதை இங்கும் உண்டு. நூறுக்கும் குறைவான கொசுவுக்கு ஓர் ஓட்டத்தை வீணாக்காமல், மாதிரிகளைச் சேர்த்து வைத்து ஒன்றாக அனுப்பலாம்.

மால்டி-டாஃப் என்ற நிறை நிறமாலை முறை, டி.என்.ஏ.க்குப் பதிலாகப் புரதக் கோலத்தைப் படிக்கிறது. வேகமானது, ஒரு கொசுவுக்கான செலவு குறைவு. ஆனால் இயந்திரம் விலை மிகுந்தது. உங்கள் ஊர் விலங்குகளின் கோலங்களை நீங்களே சேர்த்து வைத்திருக்க வேண்டும்.

எந்த முறையானாலும் கெடுவது இங்கேதான்

காலை ஆறு முதல் எட்டு மணிக்குள் உறிஞ்சுகுழலால் பிடித்து, உடனே உறைகுளிரில் கொல்ல வேண்டும். மதியம் வரை உயிரோடு கூண்டில் வைத்தால் செரிமானம் நிற்காது. வயிற்றைத் தலை, மார்பிலிருந்து பிரித்து, ஒரு கொசுவுக்கு ஒரு குழாய் என, சிலிக்கா ஜெல்லோடு அல்லது 95 சதவீத எத்தனாலில் வைக்கவும். ஒவ்வொரு கொசுவுக்கும் இடையில் இடுக்கியை 10 சதவீத பிளீச்சிலும் பிறகு நீரிலும் முக்கித் துடைக்கவும். தலையையும் மார்பையும் எறியாதீர்கள்: கியூலிசிஃபேசிஸ் 'பி'யா 'இ'யா என்று சொல்லாமல் மனித ரத்தக் குறியீட்டுக்குப் பொருளே இல்லை.

பி.சி.ஆர். மொத்தமாகத் தோற்றால் டி.என்.ஏ. இல்லை என்று முடிவு கட்டும் முன், பி.சி.ஆரைத் தடுக்கும் ரத்த நிறமியான ஹீமை நினைவுகொள்ளுங்கள். கரைசல் பழுப்பாக இருந்தால் பத்தில் ஒரு பங்காக நீர்த்து, பி.எஸ்.ஏ. (மாட்டுச் சீர அல்புமின் புரதம்) சேர்த்து மறுபடி ஓட்டினால் பல மாதிரிகள் மீளும்.

நெல்வயல் கிராமத்தில் 500 கியூலெக்ஸுக்கு நாங்கள் பரிந்துரைப்பது: அனைத்துக்கும் மல்ட்டிபிளெக்ஸ்; பட்டை வராதவற்றைப் பறவை ப்ரைமரால் சோதித்து, பெருகினால் சாங்கருக்கு; இரட்டை முகடு வருபவை மட்டும் அடுத்த தலைமுறைக்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே பிடித்தது என்று எழுதுங்கள். தொழுவத்தில் பிடித்த 400உம் வீட்டுக்குள் பிடித்த 100உம் ஒன்றாகக் கூட்டப்பட்டால், குறியீடு தொழுவத்தைத்தான் சொல்லும். இரண்டுக்கும் தனித்தனியே விகிதம் கண்டு, அடையாளம் கிடைக்காதவற்றின் எண்ணிக்கையையும் அதே அட்டவணையில் ஒரு வரியாகக் கொடுக்க வேண்டும்.