பாலி மவுண்டிங் போட்டு 2,900 கிலோமீட்டர்: கியர் சுகம், சிக்னலில் உதறல்

கார் என்ஜினை பாடியோடு பிடித்துவைக்கிற மவுண்டிங்கில், ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் போட்ட கதை இது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொருள் மோசமில்லை. நான் ஓட்டுகிற ஊருக்கும் அதற்கும்தான் ஒத்துவரவில்லை. கடை பேரும் பாக்கெட்டில் இருந்த பிராண்டு பேரும் போடமாட்டேன், ஏனென்றால் பாதித் தப்பு என்னுடையது.

வண்டி 999 சிசி, மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மீட்டரில் 71,000 தாண்டியிருந்தது. வீடு தண்டையார்பேட்டை, வேலை மணலி. அந்த ரூட்டில் போய் வந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், கண்டெய்னர் லாரி உழுதுபோட்ட ரோட்டில்தான் தினமும் பிழைப்பு. போன மழைக்குப் பிறகு ஒரு சத்தம் ஆரம்பித்தது. முதல் கியரில் கிளட்சை விட்டால் அடியில் ‘டொக்’. டிராஃபிக்கில் ஆக்சிலேட்டரை விட்டு மறுபடி மிதித்தால் இன்னொரு ‘டொக்’, கூடவே கியர் லீவர் கையில் ஒரு தட்டு தட்டும். மெக்கானிக் பானெட்டைத் திறந்துவைத்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு கிளட்சைக் கொஞ்சமாக விடச் சொன்னான். என்ஜின் மொத்தமும் ஒருபக்கம் சாய்ந்து, தூக்கத்தில் புரண்டு படுக்கிற ஆள் மாதிரி திரும்ப வந்து உட்கார்ந்தது. கீழ் மவுண்டிங் போச்சு.

இந்த மாதிரி வண்டிகளில் என்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும். மேலே இரண்டு மவுண்டிங், ஒன்று என்ஜின் பக்கம், ஒன்று கியர்பாக்ஸ் பக்கம். எடை முழுவதையும் அந்த இரண்டும் தாங்கிக்கொள்ளும். கீழே எலும்புத்துண்டு மாதிரி ஒன்று இருக்கும், அதற்கு எடை தாங்குகிற வேலையில்லை. கிளட்ச் விடும்போது என்ஜின் பின்னால் உருளப் பார்க்கும், அதை இழுத்துப் பிடிப்பது மட்டும்தான் அதன் வேலை. இந்த ஒரு விஷயம் எனக்கு அன்றைக்கே ஒழுங்காகத் தெரிந்திருந்தால் பணமும் மிச்சம், இந்த விமர்சனமும் மிச்சம்.

கம்பெனி ரப்பர் மவுண்டிங்கையே வாங்கிப் போட்டிருக்கலாம். ஆனால் பழையது கிழிந்துவிட்டதே, இந்தத் தடவை ஸ்ட்ராங்காகப் போடுவோம் என்று ஒரு அற்ப ஆசை. ராத்திரி பதினோரு மணிக்கு வீடியோ பார்த்துப் பார்த்து வளர்ந்த ஆசை. ஜி.பி. ரோட்டில் ஒரு கடையில் பாலியூரிதேன் செட் இருந்தது, சிவப்பு நிறம், கையில் எடுத்தால் கேரம் ஸ்ட்ரைக்கர் மாதிரி கெட்டி. பாக்கெட்டில் ஷோர் 80 ஏ என்று போட்டிருந்தது, அது கெட்டித்தன்மையின் அளவு. சாதாரண மவுண்டிங் ரப்பர் ஐம்பது, அறுபது பக்கம் இருக்கும். “கீழ ஒண்ணு மட்டும் மாத்தினா யூஸ் இல்ல சார், கியர்பாக்ஸ் பக்கம் மேல இருக்கிறதையும் சேர்த்து மாத்துங்க, செட்டா போட்டாதான் ரிசல்ட்” என்றார் கடைக்காரர். வைப்ரேஷன் வருமா என்று கேட்டேன். “ஐநூறு கிலோமீட்டர்ல செட் ஆயிடும்.” இரண்டும் சேர்த்து 11,500 ரூபாய், மாட்டுகூலி தனியாக 1,800.

மாட்டிய அன்று சாயங்காலம் மீஞ்சூர் போய் வெளிவட்டச் சாலையில் ஏறினேன். சத்தியமாகச் சொல்கிறேன், வேறு வண்டி. இரண்டாவதில் இருந்து மூன்றாவதுக்குப் போடும்போது லீவர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் வண்டி கேட்டது, நடுவில் அந்த அரை விநாடிச் சோம்பல் இல்லை. ‘டொக்’ சுத்தமாகப் போய்விட்டது. வண்டலூர் வரைக்கும் சும்மாவே ஓட்டிவிட்டுத் திரும்பினேன்.

மறுநாள் காலை எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு. பேர்தான் எக்ஸ்பிரஸ். ஹார்பர் ஜீரோ கேட்டுக்குள் போக கண்டெய்னர் வரிசை கட்டி நிற்கும், நாம் அதன் இடுக்கில் நிற்போம். ஏசி ஓடிக்கொண்டிருக்க, கியரை நியூட்ரலில் போட்டு நின்றதும்தான் ஆரம்பித்தது. சீட், ஸ்டியரிங், கிளட்ச் பெடல், கதவில் சாய்த்த முழங்கை எல்லாம் ஒரே சீராக உதறுகிறது. பின்கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நிற்கிற லாரிக்கு நாலு ஹெட்லைட். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரின் குடைக்குப் பேய் பிடித்துவிட்டது. சில்லறை போடுகிற குழியில் இருந்த ரெண்டு ரூபாய்க் காசுகள் வண்டு மாதிரி ரீங்காரம் போட, நான் முதலில் ஏசி பிளோயர்தான் போய்விட்டது என்று நினைத்து அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நம்பர் பிளேட் தனி ஆவர்த்தனம்.

ஏன் இப்படி என்று அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று சிலிண்டர் என்ஜினில் கிராங்க், அதாவது என்ஜினின் சுழல் தண்டு, இரண்டு சுற்று சுற்றினால் மூன்று முறை வெடிக்கும். ஐடிலில், அதாவது வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது, 800 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 800 சுற்று) என்றால் நிமிடத்துக்கு 1,200 வெடிப்பு, அதாவது விநாடிக்கு 20. மனிதக் காது கேட்கிற சத்தத்தின் அடிமட்டமே அந்த 20தான். அதனால் அது சத்தமாக வராது, இடுப்பில் வரும். 1,500 ஆர்பிஎம் தாண்டினால் விநாடிக்கு 37, 38 ஆகிவிடும், அப்போது உதறல் கரைந்து வெறும் உறுமலாகிவிடுகிறது. அதாவது ஓடும்போது பிரச்சினையே இல்லை, நின்றால்தான் பிரச்சினை. வட சென்னையில் நாம் ஓடுவதைவிட நிற்பதுதானே அதிகம்.

கழற்றிப் போட்ட பழைய கீழ் மவுண்டிங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து வைத்துப் பார்த்தேன். நடுவில் இரும்புக் குழாய், அதைப் பிடித்துக்கொண்டு ரப்பர், இரண்டு பக்கமும் அவரைக்கொட்டை வடிவத்தில் ஓட்டை. ஒரு பக்க ரப்பர் அந்த ஓட்டையின் முனையில் இருந்து கிழிந்திருந்தது. அந்த ஓட்டையை இவ்வளவு நாளும் சிக்கனத்துக்காக விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. ஐடிலில் வருகிற சின்ன ஆட்டம் அந்த ஓட்டைக்குள்ளேயே ஆடி அடங்கிவிடும். நன்றாக மிதித்தால் மட்டும் ரப்பர் போய்ச் சுவரில் முட்டி இறுகும். சிவப்பு பாலியில் ஓட்டையே கிடையாது, முழுக் கட்டி. பெரிய ஆட்டத்தோடு சின்ன ஆட்டத்தையும் நேராக பாடிக்கு அனுப்பிவிடுகிறது. வீடியோவில் அந்த ஓட்டையை ‘வீக் பாயின்ட்’ என்று சொன்ன ஆளைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஐநூறு கிலோமீட்டர் ஓடியது. செட் ஆகவில்லை. நூற்றுக்குப் பத்து குறைந்திருக்கலாம், அதுவும் எனக்குப் பழகிப்போனதால் குறைந்த மாதிரி இருக்கலாம். கடையில் கேட்டால் ஆயிரம் என்றார்கள். ஒருநாள் பீச் ஸ்டேஷன் எதிரில் அத்தோ (பர்மா நூடுல்ஸ்) வாங்கிக்கொண்டு, ஏசியைப் போட்டு வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். கப் ஹோல்டரில் வைத்த வாழைத்தண்டு சூப்பில் வட்டம் வட்டமாக அலை, நடுவில் போட்டிருந்த மொறுமொறு பேஜோ துண்டு ஒன்று இருந்த இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. அம்மா பின்சீட்டில் இருந்து, “இன்னாடா இது, மாவு மிஷின் மேல உக்கார வெச்ச மாதிரி கீது” என்றார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினாள்.

அதற்கப்புறம்தான் வியாசர்பாடியில் ஒரு பாயிடம் காட்டினேன். முப்பது வருடமாக இந்த வேலைதான். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, “சார், ஜாக்கிய என்ஜினுக்கு முட்டு குடுத்த மாரியே வெச்சி ஏர் கன்ல டைட் பண்ணானா?” ஆமாம், நான் பக்கத்தில்தான் நின்றேன். “அதான். முறுக்கின வாக்குலயே உக்காந்துக்கிச்சி.” மவுண்டிங் போல்ட் எல்லாவற்றையும் அரைச்சுற்று தளர்த்தி, என்ஜினைக் கையால் முன்னும் பின்னும் நாலு ஆட்டு ஆட்டி, ஸ்டார்ட் பண்ணி ஒரு நிமிடம் ஓடவிட்டு, அது தானாக உட்கார்ந்த இடத்தில் வைத்து, அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரெஞ்சில் திருகினார். கீழ் மவுண்டிங் போல்ட்டுகளைப் புதிதாக வாங்கிவரச் சொன்னார். பல வண்டிகளில் அவை ஒருமுறை இழுபட்டால் மறுபடி போடக்கூடாத போல்ட், என்னுடையதும் அந்த ஜாதி. சைலன்சர் தொங்குகிற ரப்பர் ஒன்று வெடித்து, குழாய் அடித்தட்டில் லேசாக உரசிக்கொண்டிருந்தது, அதையும் மாற்றினார். மொத்தம் 900 ரூபாய். உதறலில் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போனது. நம்பர் பிளேட் வாயை மூடியது. பிள்ளையார் சாந்தமானார். பாலி மவுண்டிங் போட்டுத் திட்டிக்கொண்டிருப்பவர்கள், அதைக் கழற்றும் முன்னால் இதைச் செய்துபாருங்கள்.

மீதிப் பாதி இருக்கிறது. மார்கழிக் காலையில் அதிகம், வெயில் ஏறி வண்டி ஒரு மணி நேரம் ஓடிய பிறகு கொஞ்சம் இளகுகிறது. பாலி சூட்டில் சற்று மிருதுவாகும். சிக்னல் நீளமாகத் தெரிந்தால் ஏசி கம்ப்ரசரை அணைத்து பிளோயரை மட்டும் ஓடவிடுகிறேன், அது ஒரு தற்காலிக வைத்தியம். ஐடிலை ஏற்றிவைத்துக்கொள் என்று ஒரு நண்பன் சொன்னான். இந்த வண்டியில் அதைக் கம்ப்யூட்டர்தான் பார்த்துக்கொள்கிறது, திருகுகிற ஸ்க்ரூ காலம் எல்லாம் போய்விட்டது.

பாயின் கணிப்பு, மேலே போட்டதுதான் வினை. எடை தாங்குகிற மவுண்டிங்கில் கெட்டிப் பொருளைப் போட்டால் என்ஜின் நேராக பாடி மேல் உட்கார்ந்த மாதிரிதான், கீழே இருப்பதால் வருகிற உதறல் அதன் முன்னால் ஒன்றுமேயில்லை என்றார். சும்மா சொல்லவில்லை. கியர்பாக்ஸ் பக்கம் கழற்றிவைத்திருந்த என் பழைய ரப்பரையே அன்றைக்கு ஒரு ரவுண்டுக்காக மாட்டிக் காட்டினார். மூலக்கடை வரை போய் வந்தோம். கியர் அதே சுகம், ‘டொக்’ இல்லை, கண்ணாடியில் லாரிக்கு இரண்டே ஹெட்லைட். ஆனால் அந்த ரப்பரிலும் விரிசல் விட்டிருந்ததால் அதோடு ஓட்டவேண்டாம் என்று மறுபடி பாலியையே போட்டு அனுப்பினார்.

ஆக, கீழ் மவுண்டிங்குக்கு ஐந்துக்கு நாலு. ஒன்று குறைத்தது அந்தக் காசுச் சத்தத்துக்காக. மேல் மவுண்டிங்குக்கு ஒன்று, அதுவும் நிறம் நன்றாக இருப்பதால். கடைக்காரரின் ‘செட்டா போடுங்க’வுக்கு மதிப்பெண் இல்லை. நாலு சிலிண்டர் வண்டியாக இருந்தால் இவ்வளவு தெரியாது என்று பாய் சொல்கிறார். விநாடிக்கு வெடிப்பு அதிகம், கணக்குப்படி சரியாகத்தான் வருகிறது.

கியர்பாக்ஸ் பக்கத்துக்கு கம்பெனி ரப்பர் ஆர்டர் கொடுத்திருக்கிறேன், அடுத்த வாரம் வரும். சிவப்புக் கட்டி ஒன்று மிஞ்சும், 2,900 கிலோமீட்டர்தான் ஓடியது. வெளிவட்டச் சாலையிலேயே வேலைக்குப் போய் வருகிற புண்ணியவான் யாராவது இருந்தால் பாதி விலைக்குத் தருகிறேன்.