கவுன்சில் டாக்ஸ் பாக்கியும் பெய்லிஃபும்: எந்த வழியில் எவ்வளவு போகும்?

இங்கிலாந்தில் ஒருவருக்குக் கவுன்சில் டாக்ஸில், அதாவது உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரியில், 1,200 பவுண்ட் பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோர்ட் செலவும் அதற்குள் அடக்கம். கவுன்சிலோடு பேசித் தவணை போட்டுக்கொண்டால் அவர் கட்டப்போவது அதே 1,200தான். கணக்கு பெய்லிஃப் (பாக்கிக்காகச் சாமானை ஜப்தி செய்ய வருபவர்) கம்பெனிக்குக் கைமாறிய உடனே 75 ஏறி 1,275 ஆகிவிடும். ஆள் வாசலில் வந்து நின்றால் 235 சேர்ந்து 1,510. சாமானை விற்கும் கட்டம்வரை போனால் இன்னொரு 110, ஆக 1,620. வண்டிக் கூலி, கிடங்கு வாடகை, ஏலச் செலவு எல்லாம் அதற்கு மேல். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகள் வகுத்த கட்டணம் இது; இப்போது மாறியிருக்கலாம், கடிதத்தில் உள்ள தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பாக்கி 1,500ஐத் தாண்டியிருந்தால், தாண்டிய தொகைக்குப் பின்னிரண்டு கட்டங்களிலும் 7.5 சதவீதம் வேறு.

இந்த நிலைமையில் எல்லோரும் கேட்பது "பெய்லிஃபை எப்படி விரட்டுவது?" என்றுதான். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுபவை இரண்டு கேள்விகள். இப்போது கையில் இருப்பது எந்தக் கடிதம்? வெளியே உங்கள் பெயரில் கார் நிற்கிறதா? இவற்றுக்கு விடை தெரிந்தால் எந்த வழி மலிவு, எது ஆபத்து என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

பாக்கி உங்களுடையதுதானா?

வழிகளைத் தேடுமுன் கணக்கையே ஒருமுறை சந்தேகப்பட வேண்டும். இங்கே வரும் நம் ஆட்கள் நழுவவிடும் இடம் இது.

முழுநேர மாணவர்கள் மட்டும் வாழும் வீட்டுக்குக் கவுன்சில் டாக்ஸ் கிடையாது. மாணவரின் மனைவியோ கணவரோ டிபென்டன்ட் விசாவில் வந்திருந்து, அந்த விசாவில் அரசு உதவிப்பணம் பெறக்கூடாது என்ற நிபந்தனை இருந்தால், அவரையும் கணக்கில் சேர்க்கக்கூடாது. இது தெரியாமல் 'மனைவி வேலைக்குப் போகிறாள், ஆகவே கட்டத்தான் வேண்டும்' என்று நினைத்து முழு பில்லும் கட்டும் குடும்பங்கள் உண்டு. அறை அறையாகத் தனித்தனி ஒப்பந்தத்தில் வாடகைக்கு விட்ட வீடென்றால் வரி பொதுவாக வீட்டுக்காரர் தலையில்தான். வீடு முழுவதையும் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் எடுத்திருந்தால் கதை வேறு: மூன்று பேர் ஓடிப்போனாலும் நாலாமவரிடம் முழுத் தொகையையும் கேட்கலாம். படிப்பு முடிந்த தேதிக்கு மறுநாளிலிருந்து மாணவர் விலக்கு போய்விடும் என்பதையும் பலர் அடுத்த விசா கிடைத்த மகிழ்ச்சியில் மறந்துவிடுகிறார்கள். பாதிப் பாக்கிகள் அங்கேதான் முளைக்கின்றன என்பது என் ஊகம்.

தனியாக இருப்பவருக்கு 25 சதவீதத் தள்ளுபடி உண்டு. அது அரசு உதவிப்பணத்தில் சேராது. எந்த விசாவில் இருப்பவரும் கேட்கலாம். ஆனால் குறைந்த வருமானக்காரருக்கான கவுன்சில் டாக்ஸ் ரிடக்ஷன் அப்படியல்ல. உதவிப்பணம் பெறக்கூடாது என்று விசாவில் இருப்பவர் அதற்கு விண்ணப்பித்தால் குடியேற்றச் சிக்கலில் மாட்டிக்கொள்ளலாம். பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கவுன்சிலிடம் தவணையா, பெய்லிஃபிடம் தவணையா?

ஏப்ரலில் பில் வரும், வழக்கமாகப் பத்துத் தவணை. கேட்டால் பன்னிரண்டாகப் பிரித்துத் தருவார்கள். ஒன்று தவறினால் நினைவூட்டல் கடிதம் வரும். ஏழு நாளில் கட்ட வேண்டும். அதையும் விட்டால் மிச்ச வருடத்துக்கான மொத்தமும் ஒரேயடியாகக் கேட்கப்படும். பிறகு சம்மன், மாஜிஸ்திரேட் கோர்ட், லையபிலிட்டி ஆர்டர் (பாக்கியை வசூலிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் தரும் கோர்ட் உத்தரவு). கோர்ட்டில் "என்னால் கட்ட முடியவில்லை" என்பது பதிலாகாது. கட்டவேண்டியவர் நீங்கள்தானா, கட்டவில்லையா என்பது மட்டுமே அங்கே கேள்வி. செலவுத் தொகையை மட்டும் கேள்வி கேட்கலாம். டாட்டன்ஹாமில் பால் நிக்கல்சன் என்ற பாதிரியார் தன்மீது போட்ட 125 பவுண்ட் செலவுக்குக் கணக்குக் கேட்டு ஹைகோர்ட்வரை போனார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று பார்க்காமலே மாஜிஸ்திரேட் அனுமதித்தது தவறு என்று 2015ல் தீர்ப்பு வந்தது.

சம்மன் வருவதற்கு முன்பு கவுன்சிலிடம் பேசுவதற்கு ஈடான வழி எதுவும் இல்லை. இந்தப் பாக்கிக்கு வட்டி கிடையாது, கோர்ட் செலவும் ஏறியிருக்காது. சம்மன் வந்தபின் பேசினாலும் தவணை கிடைக்கும். ஆனால் ஆர்டரை எடுத்து வைத்துக்கொண்டுதான் பேசுவார்கள்.

கணக்கு பெய்லிஃப் கம்பெனிக்குப் போனபின் கவுன்சிலுக்கு போன் போட்டால் பெரும்பாலும் "அவர்களோடு பேசிக்கொள்ளுங்கள்" என்பார்கள். அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. கவுன்சில் நினைத்தால் கணக்கைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம்; அப்படித் திரும்பினால் பெய்லிஃப் கட்டணமும் பொதுவாக நீங்கிவிடும். வீட்டில் நோயாளி, முதியவர், கர்ப்பிணி, அண்மையில் இழவு நடந்த குடும்பம் என்றால் அதை எழுத்தில் சொல்லிக் கேளுங்கள். ஆங்கிலம் பேசவோ வாசிக்கவோ வெளிப்படையாகச் சிரமப்படுபவர்களையும் பலவீன நிலையில் இருக்கக்கூடியவர்களாகக் கருத வேண்டும் என்று பெய்லிஃப்களுக்கான 2014 தேசிய நெறிமுறை சொல்கிறது. ஊரிலிருந்து வந்து பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு இருக்கும் அம்மாவுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

கவுன்சில் மறுத்தால் அடுத்து மலிவானது 75 பவுண்ட் கட்டத்திலேயே பெய்லிஃப் கம்பெனியோடு தவணை பேசி முடிப்பது. பெய்லிஃப் கம்பெனி அனுப்பும் நோட்டீஸ் ஆஃப் என்ஃபோர்ஸ்மென்ட் என்ற கடிதத்துக்குப் பின் ஏழு முழு நாள் அவகாசம் தரவேண்டும். ஞாயிறும் பொது விடுமுறையும் அதில் சேராது. அந்த நாட்களில் போன் செய்வதற்கும் செய்யாததற்கும் உள்ள வித்தியாசம் 235 பவுண்ட். முடியாத தொகையை ஒப்புக்கொண்டு இரண்டாவது மாதமே தவறவிடுவதைவிட, வரவு செலவை எழுதிக்காட்டிக் குறைந்த தொகையில் பிடிவாதமாக நிற்பது நல்லது.

ஒரு குறுக்குவழி இணையத்தில் சுற்றுகிறது: பெய்லிஃபைப் பொருட்படுத்தாமல் கவுன்சில் இணையதளத்தில் பாக்கியை மட்டும் கட்டிவிட்டால் கட்டணம் செல்லாது என்று. செல்லும். கட்டிய பணத்திலிருந்து அவர்களுக்கான பங்கைப் பிரித்துக்கொண்டு மிச்சத்துக்கு மறுபடி கதவைத் தட்டுவார்கள்.

சம்பளப் பிடித்தமா, பெய்லிஃபா?

ஒரே ஆர்டருக்கு ஒரே நேரத்தில் ஒரு வழியைத்தான் கவுன்சில் பயன்படுத்தலாம். சம்பளத்தில் பிடித்துக்கொண்டிருக்கும்போது அதே பாக்கிக்குப் பெய்லிஃபை அனுப்ப முடியாது. ஆகவே "சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள்" என்று நாமே முந்திக்கொண்டு கேட்பது ஒரு தற்காப்பு. சம்மதிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆனால் வேலை கொடுப்பவரின் விவரம் கையில் கிடைத்தால் பல கவுன்சில்கள் சம்மதிக்கும்.

நம்மவர்கள் இதைத் தவிர்ப்பது வெட்கத்தால். முதலாளிக்குத் தெரிந்துவிடும், கடையில் கூட வேலை செய்பவர்கள் பேசுவார்கள் என்று. பெய்லிஃப் காருக்குப் பூட்டுப் போட்டால் தெருவுக்கே தெரியும் என்பதை அப்போது யோசிப்பதில்லை.

வெட்கத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்த்தால், பதில் சம்பளத்தைப் பொறுத்தது. பிடித்தத்துக்குச் சட்டத்தில் ஒரு படிநிலை உண்டு. கைக்கு வரும் மாதச் சம்பளம் 900க்கு மேல் 1,420 வரை என்றால் 12 சதவீதம். அங்கிருந்து 2,020 வரை 17. அதற்கு மேல் போனால் முதல் 2,020க்கு 17 சதவீதமும், மிச்சத்தில் சரிபாதியும். 1,300 வாங்குபவருக்கு மாதம் 156 போகும். எட்டு மாதத்தில் 1,200 தீர்ந்துவிடும், கூடுதலாக முதலாளி ஒவ்வொரு முறையும் எடுத்துக்கொள்ளக்கூடிய 1 பவுண்டைத் தவிர வேறு செலவில்லை. இவருக்குச் சம்பளப் பிடித்தமே சிறந்தது என்பேன். 2,600 வாங்குபவருக்கோ மாதம் 633 போய்விடும். லண்டன் வாடகை கட்டுபவருக்கு அது தாங்காது. வாடகை, பிள்ளைகளின் செலவு எதையும் இந்தப் படிநிலை பார்ப்பதில்லை. அவர் தவணை பேசுவதே உத்தமம்; 75 பவுண்ட் கூடினாலும் பரவாயில்லை. இரண்டு வருடப் பாக்கிக்கு இரண்டு ஆர்டர் இருந்தால் இரண்டையும் ஒரே சம்பளத்தில் பிடிக்கலாம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும். டாக்சி ஓட்டுபவர், சொந்தக் கடை வைத்திருப்பவர் போன்ற சுயதொழில்காரருக்கு இந்த வழியே இல்லை.

யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவிப்பணம் வாங்குபவருக்கு இன்னும் மென்மையான வழி உண்டு. அடிப்படைத் தொகையில் 5 சதவீதம் மட்டும் பிடிப்பார்கள். மெதுவாகத்தான் தீரும். ஆனால் பெய்லிஃப் வரமாட்டார்.

கதவைப் பூட்டிக்கொள்வதா, உள்ளே விட்டுக் கையெழுத்துப் போடுவதா?

கவுன்சில் டாக்ஸ் பாக்கிக்காக முதல் முறை வரும் பெய்லிஃப் பூட்டை உடைத்து நுழைய முடியாது. ஜன்னல் வழியாக ஏறக்கூடாது, கதவிடுக்கில் காலை வைத்துத் தள்ளக்கூடாது. காலை 6 மணிக்கு முன்னும் இரவு 9க்குப் பின்னும் வரக்கூடாது. வீட்டில் 16 வயதுக்குட்பட்ட பிள்ளை மட்டும் இருந்தால் நுழையக்கூடாது. பூட்டாமல் விட்ட கதவைத் திறந்துகொண்டு வரலாம். "உள்ளே உட்கார்ந்து பேசலாமே" என்று நயமாகக் கேட்பது பெரும்பாலும் உள்ளே நுழைவதற்காகத்தான். வந்தவரை வாசலில் நிறுத்துவது நமக்கு மரியாதைக் குறைவாகப் படும். இவர் விஷயத்தில் அந்த மரியாதை வேண்டாம்.

உள்ளே விட்டால் அடுத்து நீட்டப்படும் தாள் கன்ட்ரோல்ட் குட்ஸ் அக்ரிமென்ட். தவணை கட்டும்வரை சாமான் உங்கள் வீட்டிலேயே இருக்கும், ஆனால் ஜப்தியானதாகக் கணக்கு. அதை மீறினால் இரண்டு முழு நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு உடைத்தே நுழையலாம். இந்தத் தாளில், வேறு வழி இருக்கும்போது யாரும் கையெழுத்திடக் கூடாது.

அதற்காகக் கதவைப் பூட்டுவது முழுத் தீர்வும் ஆகாது. வாசலுக்கு வந்ததற்கே 235 ஏறிவிட்டது. தெருவிலோ சொந்த முற்றத்திலோ நிற்கும் காருக்குக் கதவு பாதுகாப்பில்லை: பூட்டுப் போட்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் கழித்து இழுத்துப் போகலாம். ப்ளூ பேட்ஜ் (மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை) உள்ள வண்டியைத் தொடக்கூடாது. தொழிலுக்கு அவசியமான கருவிகள் மொத்தம் 1,350 பவுண்ட் மதிப்புவரை விலக்கு. அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், படுக்கை, உடுப்பு இவையும் அப்படியே. அண்ணன் பெயரில் இருக்கும் காரைக் கொண்டுபோகப் பார்த்தால் வாங்கிய ரசீதைக் காட்ட வேண்டும், வாய்ச்சொல் போதாது.

கார் இல்லாதவர், இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லாதவர் கதவைப் பூட்டி வைத்தால் கணக்கு கடைசியில் கவுன்சிலுக்கே திரும்பக்கூடும். அப்போது கவுன்சில் வேறு ஆயுதத்தை எடுக்கும். பாக்கி 1,000 பவுண்டாவது இருந்தால் சொந்த வீட்டையே பாக்கிக்குப் பிணையாக்கும் சார்ஜிங் ஆர்டர், 5,000 எட்டினால் திவால் மனு. இங்கிலாந்தில் வேண்டுமென்றே கட்டாதவரை மூன்று மாதம்வரை சிறைக்கு அனுப்பும் அதிகாரமும் இன்னும் சட்டத்தில் இருக்கிறது. வேல்ஸ் அதை 2019ல் ஒழித்துவிட்டது. வீடு வைத்திருப்பவர் கதவைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது இவற்றில் ஆகப் புத்தியற்ற தேர்வு.

"நான் சம்மதிக்கவில்லை, உங்களோடு எனக்கு ஒப்பந்தமில்லை" என்று வாசலில் தாள் ஒட்டச் சொல்லும் வீடியோக்களைப் பற்றி ஒரே வரி: வரிக்கு உங்கள் சம்மதம் தேவையில்லை.

கடன் வாங்கி அடைப்பது

சீட்டை அவசரத்துக்குத் தள்ளி எடுப்பது, கிரெடிட் கார்டில் உருவுவது, தெரிந்தவரிடம் வட்டிக்கு வாங்குவது. வட்டியே இல்லாத ஒரு பாக்கியை வட்டியுள்ள கடனாக மாற்றும் வேலை இது. லையபிலிட்டி ஆர்டர் உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏறுவதுகூட இல்லை; கார்டில் தவணை தவறினால் ஏறும். கார் நாளைக் காலை போய்விடும் என்ற நிலையில், வட்டியில்லாமல் உறவில் கைமாற்றுக் கிடைத்தால் மட்டும் இதை யோசிக்கலாம்.

பிரீத்திங் ஸ்பேஸா, டெட் ரிலீஃப் ஆர்டரா?

கவுன்சில் டாக்ஸ் மட்டும் நின்றிருந்தால் இவை இரண்டும் தேவைப்படாமலே போகலாம். கார்டு, வாடகை, மின்சாரம் என்று நாலு பக்கமும் பாக்கி இருந்தால்தான் கவனிக்க வேண்டும். 2021 மே 4 முதல் நடப்பில் உள்ள பிரீத்திங் ஸ்பேஸ் 60 நாளுக்குப் பெய்லிஃபை நிறுத்தும், புதிய கட்டணத்தையும் நிறுத்தும். நீங்களே விண்ணப்பிக்க முடியாது. அனுமதி பெற்ற கடன் ஆலோசகர் வழியாகத்தான். ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் இலவசம். இது கடனைக் குறைக்காது, நாள் மட்டும் வாங்கித் தரும். 12 மாதத்துக்கு ஒருமுறைதான் கிடைக்கும் என்பதால் ஆள் வாசலுக்கு வரும் தறுவாயில் எடுப்பதே பயன்.

டெட் ரிலீஃப் ஆர்டர் கடனையே அழிக்கும். மொத்தக் கடன் 50,000க்குள், மாதம் மிஞ்சும் பணம் 75க்குள், சொத்து 2,000க்குள், கார் 4,000க்குள் இருக்கவேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து கட்டணமும் இல்லை. ஒரு வருடம் கழிந்தால் அதில் சேர்த்த கடன்கள் போய்விடும். விலை வேறுவிதத்தில் இருக்கிறது: பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறும், கிரெடிட் ரிப்போர்ட்டில் ஆறு வருடம் நிற்கும், வீடு வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் கிடைக்காது. ஊரில் பெயரில் நிலமிருந்தால் அதுவும் சொத்துக் கணக்கில் வரும். மறைத்தால் பின்னால் ஆபத்து.

அதிகமாகப் பிடுங்கிவிட்டால்

வாசலுக்கு வராமலே 235 போட்டிருந்தால், ஒன்றாகக் கொடுத்த இரண்டு ஆர்டருக்கு இருமுறை 235 போட்டிருந்தால், பலவீன நிலையைச் சொல்லியும் ஆலோசனை பெற அவகாசம் தராமல் சாமானைத் தூக்கியிருந்தால், முறையீடு எழுத்தில் போகவேண்டும். முதலில் கம்பெனிக்கு, அதன் நகல் கவுன்சிலுக்கு. அவர்கள் கையை விரித்தால், கவுன்சில்கள்மீதான புகாரை விசாரிக்கும் லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோஷியல் கேர் ஆம்புட்ஸ்மன். வந்தவருக்குக் கவுன்ட்டி கோர்ட் சான்றிதழ் இருக்கிறதா என்று இணையத்தில் உள்ள பதிவேட்டில் பெயர் போட்டுப் பார்க்கலாம். கம்பெனி செய்ததற்குத் தங்களுக்குப் பொறுப்பில்லை என்று கவுன்சில் சொன்னால் நம்ப வேண்டாம். அனுப்பியது அவர்கள், பதில் சொல்லவேண்டியதும் அவர்களே.