சிட்டிசன் கேன் 4கே தொகுப்பு: பாட்டு வாத்தியாருக்காக வாங்கலாமா?

ஆர்சன் வெல்ஸ் இயக்கி, பத்திரிகை அதிபர் கேனாகவும் நடித்த 1941-ஆம் ஆண்டுப் படம் 'சிட்டிசன் கேன்'. க்ரைட்டீரியன் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அதன் தொகுப்பில், மிகத் தெளிவான படம் தரும் ஒரு 4கே வட்டும் மூன்று புளூ-ரே வட்டுகளும் உள்ளன. வெல்ஸின் மேதைமையைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதப்பட்டுவிட்டதால், சில நிமிடங்களே தோன்றும் பாட்டு வாத்தியார் மாட்டிஸ்டியை முன்னிறுத்தி இத்தொகுப்பை மதிப்பிடுகிறேன்.

அந்த வேடத்தில் நடித்த ஃபோர்ச்சூனியோ போனனோவா, மயோர்க்கா தீவின் பால்மா நகரில் 1895-இல் பிறந்த ஓபரா (இசை நாடக) பாடகர், பாரிடோன் எனப்படும் நடுத்தர ஆண் குரலுக்குரியவர். இளமையில் அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸுடன் சேர்ந்து ஓர் இலக்கியக் கொள்கை அறிக்கையிலும் கையெழுத்திட்டவர் என்பது இந்த மதிப்புரைக்குத் தேவையில்லாத, ஆனால் சொல்லாமல் விட மனம் வராத செய்தி. ஹாலிவுட் அவரைப் பெரும்பாலும் துணை வேடங்களுக்கே பயன்படுத்திக்கொண்டது.

கேனின் இரண்டாம் மனைவி சூசன், இத்தாலிய இசையமைப்பாளர் ரோசினியின் பாடலொன்றைப் பயிலும் காட்சியில், சுருதி விலகும் ஒவ்வொரு இடத்திலும் மாட்டிஸ்டியின் உடலே வலி கண்டதுபோல் துடிக்கிறது. தேறாத குரலைக் கேட்டுப் பழகியவருக்கே கைவரும் நடிப்பு இது. இவளால் பாட முடியாது என்று அவர் கூச்சலிட்டுக்கொண்டிருக்கையில் பின்னால் தொலைவில் கேன் வந்து நிற்பதும், பணம் கொடுப்பவரின் முன் வாத்தியாரின் கோபம் அடங்கிப்போவதும் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் கைவண்ணத்தில் ஒரே சட்டகத்துக்குள் நிகழ்கின்றன. 4கே வட்டில், அருகிலிருக்கும் முகமும் தொலைவிலிருக்கும் உருவமும் ஒரே அளவு தெளிவாகத் தெரிவதால், பார்வையை யார்மீது வைப்பது என்று நாமே தேர்ந்துகொள்ளலாம். நான் வாத்தியாரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சூசனின் ஓபரா அரங்கேற்றக் காட்சியில், மறந்த வரிகளை எடுத்துக்கொடுப்பவருக்கான பெட்டிக்குள்ளிருந்து மாட்டிஸ்டி கையையும் புருவத்தையும் ஆட்டித் தவிப்பது இன்னும் நன்றாக இருக்கிறது. இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் இந்தப் படத்துக்காகவே இயற்றிய அந்த ஓபராப் பகுதியை, சூசனாக நடித்த டாரத்தி கமிங்கோருக்காகப் பாடியவர் ஜீன் ஃபார்வர்ட். ஒலியைச் செயற்கையாக விரித்துப் பரப்பாமல் பழைய ஒற்றைத் தடத்திலேயே வைத்திருப்பது சரியான முடிவு. வாத்தியக் கூட்டத்துக்கு அடியில் அந்தக் குரல் அமிழ்ந்துபோவது தெளிவாகக் கேட்கிறது.

குறைகளும் உண்டு. படத்தோடு சேர்ந்து கேட்கும் மூன்று விளக்கவுரைத் தடங்கள் இருந்தும் போனனோவாவுக்கென ஒரு தனிப் பகுதி இல்லை. முதலில் அச்சான புளூ-ரே வட்டுகளில், படம் அரை மணி நேரம் ஓடிய பின் காட்சியின் ஒளி-நிழல் வேறுபாடு மங்கும் பிழை இருந்தது. நிறுவனம் மாற்று வட்டுகள் அளித்தது. 4கே வட்டில் அந்தப் பிழை இல்லை. பழைய பிரதியை வாங்குவோர் இதை விசாரித்துக்கொள்வது நல்லது. புளூ-ரே வட்டுகள் அமெரிக்க மண்டலக் குறியீடு உடையவை என்பதால், உங்கள் கருவி அவற்றை ஏற்குமா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும்.

இந்த நடிகர்மேல் மட்டுமே ஆர்வமுள்ளவர்கள் 'டபுள் இன்டெம்னிட்டி' படத்திலிருந்து தொடங்கலாம். அதில் தன் லாரிக்குத் தானே தீவைத்துவிட்டுக் காப்பீடு கேட்டு வரும் கார்லோபிஸாக, ஒரு சுரம்கூடப் பாடாமல் சிரிக்க வைக்கிறார். பாட்டும் நடிப்பும் ஒருங்கே வேண்டுமென்றால், இந்த நான்கு வட்டுகளுக்குக் கொடுக்கும் பணம் வீண் போகாது.