கம்பெனி நொடிக்கும்போது இயக்குநர் யார் பக்கம்? நான்கு நாட்டுச் சட்டங்கள்

கம்பெனி நன்றாக ஓடும்வரை இயக்குநர் பெரும்பாலும் பங்குதாரர்களின் நலனைப் பார்த்தால் போதும். நொடிக்கத் தொடங்கிவிட்டால், கையில் மிஞ்சியிருப்பது உண்மையில் கடன் கொடுத்தவர்களின் பணம். அந்த இயக்குநரைத் தாய் நிறுவனமே அனுப்பியிருந்தால் சிக்கல் இன்னும் பெரிது: சம்பளம் ஒரு இடத்தில், கடமை இன்னொரு இடத்தில். இதுதான் நலன் முரண்.

இங்கிலாந்தில் இதற்கான முக்கியத் தீர்ப்பு 2022இல் வந்த செக்வானா வழக்கு. ஏ.டபிள்யூ.ஏ. என்ற கம்பெனி 2009 மே மாதம் தன் தாய் நிறுவனமான செக்வானாவுக்கு 13.5 கோடி யூரோ ஈவுத்தொகை கொடுத்தது. அமெரிக்காவின் ஃபாக்ஸ் ஆற்றை மாசுபடுத்தியதற்கான பெரிய பொறுப்பு அப்போதே அதன் தலையில் இருந்தது. 2018இல் கம்பெனி நொடித்தது. கடன் கொடுத்தவர்களின் நலனைப் பார்க்கும் கடமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் நொடிக்கும் அபாயம் இருந்தால் மட்டும் போதாது. திவால் நெருங்கியிருக்க வேண்டும், அல்லது திவால் நடவடிக்கை வர வாய்ப்பு அதிகம் என்ற நிலை இருக்க வேண்டும் என்றது. 2009இல் அந்த நிலை இல்லை. இயக்குநர்கள் தப்பினார்கள்.

அமெரிக்காவில் பல பெரிய கம்பெனிகள் பதிவாகியிருக்கும் டெலவேர் மாநிலத்தின் சட்டம் இதைவிட இயக்குநருக்குச் சாதகம். 2007ஆம் ஆண்டு கீவாலா வழக்கில், கோல்ட்மேன் சாக்ஸ் என்ற முதலீட்டு வங்கி அமர்த்திய இயக்குநர்கள் அதன் நலனுக்காகவே செயல்பட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. அப்பட்டமான நலன் முரண் புகார்தான். ஆனாலும் கடன் கொடுத்தவர் கடமை மீறலுக்காக இயக்குநர்மீது நேரடியாக வழக்குப் போட முடியாது என்றது நீதிமன்றம். கம்பெனி உண்மையிலேயே நொடித்துவிட்டால், கம்பெனியின் சார்பில் வழக்கு நடத்தலாம், அவ்வளவுதான்.

ஜெர்மனி கடிகாரத்தைக் கையில் கொடுக்கிறது. பணம் கட்ட முடியாமல் போனால் அதிகபட்சம் 3 வாரத்துக்குள், கடன் சொத்தை மிஞ்சினால் (தொழில் தொடர நல்ல வாய்ப்பு இல்லாத பட்சத்தில்) 6 வாரத்துக்குள் திவால் மனு கொடுக்க வேண்டும். தவறினால் சிறைவரை போகலாம். தெளிவு என்று பார்த்தால் இதற்குத்தான் முதல் மதிப்பெண். ஆனால் காப்பாற்றியிருக்கக்கூடிய கம்பெனியையும் பயந்துபோய் நீதிமன்றத்துக்கு இழுத்துப்போகத் தூண்டும்.

இந்தியாவில் 2016 திவால் சட்டத்தின் 66ஆம் பிரிவு இயக்குநரைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்குகிறது: நொடிப்பைத் தவிர்க்க வழியில்லை என்று தெரிந்தும் கடன் கொடுத்தவர்களின் இழப்பைக் குறைக்க உரிய அக்கறை காட்டாவிட்டால், கைக்காசு போகும். எனக்குப் பிடித்தது அதைவிட 43ஆம் பிரிவுதான். நொடிப்புக்கு முன் சிலருக்கு மட்டும் சாதகமாகச் செய்த பரிவர்த்தனையை ரத்துசெய்ய வைக்கும் பிரிவு அது. இயக்குநரின் மனசைத் தேடுவதில்லை, பரிவர்த்தனையைத் தேடுகிறது. ஜேபி இன்ஃப்ராடெக் என்ற கட்டுமான கம்பெனி தன் நிலத்தை, தாய் நிறுவனமான ஜெய்பிரகாஷ் அசோசியேட்ஸ் வாங்கிய கடனுக்காக அடமானம் வைத்தது. 758 ஏக்கர் மீதான அடமானங்கள் செல்லாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நோக்கம் என்ன என்ற கேள்வியே அங்கே முக்கியமில்லை. பலன் என்ன என்பதுதான். நலன் முரண் உள்ள இயக்குநரின் உள்நோக்கத்தை நிரூபிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வழக்கு நடத்தியவர்களுக்குத் தெரியும்.

செக்வானாவிலும் பரிவர்த்தனையைத் தாக்கியதுதான் பலித்தது. இயக்குநர்மீதான வழக்கு தோற்றது. ஆனால் அதே ஈவுத்தொகையை, கடன் கொடுத்தவர்களின் கைக்கு எட்டாமல் சொத்தை நகர்த்திய செயல் என்று வேறொரு சட்டப்பிரிவில் தாக்கியது வென்றது.

சரி, அப்படியென்றால் இந்திய வழியே சிறந்ததா? 43ஆம் பிரிவு தொடர்புடையவர்களுக்குச் செய்ததை 2 ஆண்டுதான் பின்னோக்கிப் பார்க்கும், மற்றவர்களுக்கு ஓராண்டு. 2009இல் கொடுத்த ஈவுத்தொகைக்கு 2018இல் விழித்துக்கொண்டால் அது கைகொடுக்காது. அப்போது மோசடி நோக்கத்தைக் கேட்கும் 49 அல்லது 66ஆம் பிரிவுக்குத்தான் போக வேண்டும். மறுபடியும் இயக்குநரின் மனசு.